உட்புறக் கைப்பிடி

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் கணவர் வேலை செய்த மீன் குளிர்கிடங்கின் எழுத்தர் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தங்கள் மடல் கிடைத்து முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. இத்தனை தாமதத்திற்கு மன்னிக்க வேண்டுகிறேன். உடல்நலக் குறைவு என்று காரணம் எழுதலாம், அது உண்மையன்று. எழுத அஞ்சினேன்.

தாங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தீர்கள். குடியை விட்டுவிட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தவர், குடித்துவிட்டுக் கிடங்கினுள் விழுந்து இறந்தாரென்று கடிதம் வந்திருக்கிறதே, அப்படியானால் எங்களிடம் பொய் சொன்னாரா என்று.

இல்லை, சகோதரி. பொய் சொன்னவள் நான்.

முதலாளியின் கையொப்பத்தோடு வந்த அக்கடிதம் என் கையெழுத்து. நான் பள்ளியில் படித்தவளல்லேன். வேதத்தையும் அகராதியையும் வைத்து நானாகவே கற்றவள். "மதுவின் மயக்கத்தில்" என்ற தொடரை முதலாளி சொல்லவில்லை. அவர் சொன்னது "தண்ணி போட்டிருந்தான்னு எழுதுங்க" என்பதே. அதை அழகுபடுத்தியவள் நான்.

நடந்தது இது. குளிரறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே ஒரு கைப்பிடி உண்டு, அதைத் திருப்பினால் திறக்கும். அது பழுதாகியிருந்தது. தங்கள் கணவர் என் ஜன்னலில் வந்து, "அம்மா, கைப்பிடி சும்மா சுத்துது. நான் உள்ள மாட்டிக்கிட்டா மீன்னு நினைச்சு ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றார். நானும் சிரித்தேன். முதலாளியிடம் சொன்னபோது, இந்த வாரமே சரிசெய்வதாகவும் தாளில் எழுத வேண்டாமென்றும் கூறினார். ஆகவே வழக்கம்போல் சோதனைப் பதிவேட்டில், "உட்புறக் கைப்பிடி நேரில் இயக்கிப் பார்க்கப்பட்டது, நன்னிலையில் உள்ளது" என்று எழுதினேன். முட்டிவலி காரணமாக நான் அந்த அறைக்குள் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அந்தச் சனிக்கிழமை மாலை கடைசி லாரியின் சீட்டில் அவர் என் கண்ணெதிரே கையொப்பமிட்டார். வாடை இல்லை, கையில் நடுக்கமும் இல்லை. மிஞ்சிய பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போகிறேன் என்று உள்ளே சென்றார். நாங்கள் வீடு திரும்பிவிட்டோம். மறுநாள் நான் ஆலயத்தில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி பற்றிய கட்டளையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கதவைத் திறந்தோம். கதவின் உட்புறத் தகரம் முழுவதும் அடிபட்டு நெளிந்திருந்தது. இதைத் தங்களிடமிருந்து மறைக்க எனக்கு உரிமையில்லை.

தங்கள் மடலை முதலாளியிடம் காட்டினேன். அவரும் விசுவாசிதான். வேதத்தில் எகிப்தின் மருத்துவச்சிகள்கூட அரசனிடம் பொய் சொன்னார்கள், கர்த்தர் அவர்களுக்கு நன்மைதானே செய்தார், கிடங்கை மூடினால் இத்தனை குடும்பம் எங்கே போகும் என்றார். பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன அந்த அரசனின் அதிகாரத்தைப் பல நாட்கள் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகுதான் விளங்கிற்று. அவர்கள் அரசனிடமிருந்து பிள்ளைகளைக் காக்கப் பொய் சொன்னார்கள்; நாங்கள் பிள்ளைகளிடமிருந்து அரசனைக் காக்கச் சொன்னோம். அதை அவரிடமே கூறினேன். "உப்பு போட்ட கையைக் கடிக்கிறீங்க" என்றார். நேற்று முதல் எனக்கு அங்கே வேலை இல்லை.

தொழிலாளர் அலுவலரிடம் சாட்சி சொல்லச் சென்றேன். விசாரணை முடிந்த கோப்பாம். குடும்பத்தார் கேட்டாலன்றித் திறக்க இயலாதாம். இம்மாதக் கடைசியே கெடு. கோப்பைத் திறக்கக் கோரும் மனுவைத் தங்கள் பெயரில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இம்முறை அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. தங்கள் ஊரில் கிடங்குக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட்டிடம் இதைக் காட்ட வேண்டாம். அவர் முதலாளிக்கு வேண்டியவர்.

தங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள், அப்பா வாக்குத் தவறவில்லை என்று. விதவையின் வழக்கை விசாரிக்கிறவர் தங்கள் வீட்டைக் காப்பாராக.

மனுவில் கையொப்பமிட்டு, உடனே எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
முந்தைய கடிதத்தையும் எழுதியவள்