படுக்க வைத்த சைக்கிள்

இன்று காலை நம் சந்து முனையில் ஒரே தார் வாடை. ரோட்டைக் கொத்தி, நீ புதைத்த கம்பிகளை இழுத்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். இனிமேல் கம்பத்தின் மேலிருக்கும் கேமராவே பார்த்து, சிக்னலில் எப்போது பச்சை என்று தீர்மானிக்குமாம். கான்ட்ராக்டரின் ஆள் இந்தியில் பெருமையாகச் சொன்னான். இதே பெருமையை உன் வாயால் கேட்டவன் நான். அவன் முடிப்பதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷ்ராந்த்வாடியில் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தோம். இருவர் அப்பாவும் வட ஆற்காட்டிலிருந்து வெடிமருந்து ஃபேக்டரிக்கு வந்தவர்கள். நான் அதே ஃபேக்டரிக்குப் போனேன். நீ டிப்ளமோ முடித்து சிக்னல் கம்பெனிக்குப் போனாய். தொண்ணூறுகளின் கடைசியில், நம் சந்து பெரிய ரோட்டைத் தொடும் இடத்தில் உன் முதல் சிக்னலை நட்டு, வண்டியின் இரும்பை உணரும் கம்பியை ரோட்டுக்கடியில் புதைத்தாய். "சும்மா லைட்டு இல்லடா இது. மூள கீது இதுக்கு. வண்டி வந்து நின்னா தெரிஞ்சுக்கும், தானே யோசிச்சு பச்ச குடுக்கும்" என்றாய். உன் கம்பெனிக்காரர்கள் அதைச் செயற்கை அறிவு என்று சொல்லி மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன்.

மறுநாள் காலை ஃபேக்டரி ஆட்கள் நாங்கள் ஷிஃப்டுக்குச் சைக்கிளில் வந்து நின்றோம். சிவப்பு. எவ்வளவு நேரம் நின்றாலும் சிவப்பேதான். உன் கம்பிக்குக் கார் தெரிந்தது, ஸ்கூட்டர் தெரிந்தது. சைக்கிள் தெரியவில்லை, நடக்கிற மனிதன் தெரியவே இல்லை. பின்னால் யாராவது வண்டியில் வந்தால்தான் எங்களுக்கு வழி. அதற்குள் சங்கு ஊதி ஃபேக்டரி கேட்டைச் சாத்திவிடுவார்கள். உன்னிடம் வந்து முறையிட்டேன். "இப்ப எவன்டா சைக்கிள் ஓட்றான்? பைக் ஒண்ணு வாங்கிக்கடா" என்று சிரித்தாய்.

மழைக்காலத்தில் ஒருநாள், கேட் சாத்திவிடுவார்களே என்ற பதற்றத்தில் சிவப்பிலேயே பாய்ந்தேன். டெம்போ அடித்து வலது முட்டி நொறுங்கியது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். இப்போதாவது அந்த மெஷினைத் திருத்துவாய் என்று நினைத்தேன். நீயோ காதருகே குனிந்தாய். "கம்பி மேல சைக்கிளப் படுக்க வச்சிடு. பெரிய வண்டின்னு நெனச்சுக்கும்."

"அப்ப, சைக்கிள் தெரியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். மேல சொன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. ரிப்போர்ட்டு நல்லா கீது, விடு."

ஓர் ஆப்பிளை எடுத்து உன்மேல் எறிந்தேன். குறி தப்பிவிட்டது என்று இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அதன்பின் தினமும் அந்தக் கூத்துதான். முறை வைத்து ஒருவன் இறங்கி, டிஃபன் டப்பாவோடு சைக்கிளைத் தரையில் கிடத்துவான், பச்சை விழும். மெஷினைத் திருத்த மனமில்லாமல் எங்களைக் குனிய வைத்தாய். சில மாதம் கழித்து, "பாத்தியா, நம்ம சந்துல காரு ஜாஸ்தியாயிடுச்சு, மெஷினே சொல்லுது" என்று வேறு வந்து நின்றாய். நாங்கள் கிடத்திய சைக்கிள்களைத்தான் அது காரென்று எண்ணியிருந்தது. நான் உன்னோடு பேசுவதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

நாற்பதைத் தாண்டியதும் நெஞ்சுவலியில் போய்விட்டாய். உன் பாடையை நம் ஆட்கள் தோளில் சுமந்து சந்து முனைக்கு வந்தார்கள். முட்டியால் எனக்குத் தோள் கொடுக்க முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன். சிவப்பு. பெரிய ரோட்டில் லாரியும் பஸ்ஸும் விடாமல் ஓடின. வண்டிகளை நிறுத்தி வழிவிடப் போலீஸ்காரரும் இல்லை. மெஷினுக்கு மூளை இருக்கும்போது அவர் எதற்கு என்று முன்பே எடுத்துவிட்டார்கள். சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

"சிக்னல் கராப் ஆயிடுச்சா?" என்று கேட்டான் உன் தம்பி.

"கராப்லாம் இல்ல, நல்லாத்தான் ஓடுது. உங்கண்ணன அதுக்குத் தெரியல" என்றேன்.

சொல்லிவிட்டு முன்னால் போனேன். மடங்காத முட்டியோடு குனிந்து, என் சைக்கிளை உன் கம்பியின்மேல் படுக்க வைத்தேன். பச்சை விழுந்தது. எடுத்தால் மறுபடி சிவப்பு விழுந்துவிடும் என்று அங்கேயே நின்றேன். நீ என்னைத் தாண்டிப் போனாய்.

கம்பிகள் இன்று குப்பைக்குப் போய்விட்டன. முட்டி வலி இருக்கிறது, உன்மேல் கோபமும் அப்படியே இருக்கிறது. நீ அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நான் சைக்கிளைத் தூக்கவில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.