மைக் வேண்டாம், ஒரு வாக்கியம்

ஆம்பூர்
29.5.2023

அன்புள்ள சுஹேல்,

நீங்கள் நலமா? எனக்கு வயிற்றெரிச்சல். மருந்துக் கடையில் இதற்கு மாத்திரை கிடையாது.

சோமாலிலாந்து என்று ஒரு நாடே பட்டியலில் இல்லை, தபால் போகாது என்று போஸ்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தோல் சாம்பிள் வாங்க அங்கே வரும் உமர் ஃபாரூக் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

அந்த நாட்டுச் சுதந்திர தின வீடியோ பார்த்தேன். மேடையில் கோட்டு, டை. கழுத்தில் அவர்கள் கொடி போட்ட துண்டு. மைக்கைப் பிடித்து, "உலகம் ஒத்துக்கலன்னா இன்னா, நான் ஒத்துக்கறேன், இது நாடுதான்" என்று அவர்களுக்குப் புரியாத தமிழில் வேறு சொன்னீர்கள். என்ன கைதட்டல்! ஷூ கம்பெனியில் என் பக்கத்து டேபிள் சாவித்திரி, "இன்னாடி, உன் வீட்டுக்காரரு மந்திரி ஆய்ட்டாரா?" என்று கேட்டாள்.

மற்றவளுக்கெல்லாம் இன்னொரு பொம்பளை மேல் பொறாமை. எனக்கு வாய்த்தது ஒரு நாட்டின் மேல். குடியாத்தத்தில் நாம் கல்யாணத்தைப் பதிவு செய்து மூன்று வருஷம் ஆகிறது. மேல்விஷாரத்தில் உங்கள் வீட்டில் "இவ என் பொண்டாட்டி" என்று ஒரு தடவை சொன்னீர்களா? உங்கள் அம்மீக்கு எல்லாம் தெரியும். நான் வாங்கியனுப்பும் சர்க்கரை மாத்திரையை முழுங்குகிறார். ஆனால் நான் என்று ஒருத்தி இல்லை!

தீபா

ஹர்கெய்சா, சோமாலிலாந்து
20.6.2023

என் அன்பு தீபாவுக்கு,

சண்டைக்காரியே, சிரித்துவிட்டேன். நான் டேனரியில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிறவன். டை கட்டியிருந்ததால் வெளிநாட்டு விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் முன்வரிசையில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். நாலு பேர் வந்து போகிறார்கள் என்று வெளியே காட்ட வேண்டுமே.

ஆனால் இவர்கள் கெட்டிக்காரர்கள். உலகம் ஒத்துக்கொள்ளவில்லையே என்று உட்கார்ந்து அழவில்லை. சொந்தப் பணம், சொந்த பாஸ்போர்ட், ஓட்டு, முனைக்கு முனை போலீஸ். முதலில் உள்ளூர்க்காரன் இது நம் நாடு என்று நம்ப வேண்டும், அப்புறம் வெளிநாடுகளில் அலுவலகம் திறந்து அங்கீகாரம் கேட்கலாம் என்கிறார்கள். நாமும் அப்படித்தானே? கேஸ் சிலிண்டர் உன் பேரில். தெருவே உன்னை அண்ணி என்கிறது. கொஞ்சம் பொறு.

நல்ல செய்தி. தம்பி ரிஹானுக்குக் கல்யாணம், பெண் பெயர் ஹீனா. உனக்கும் விருந்துக்குத் தாவத் சொல்லியனுப்ப அம்மீ சம்மதித்துவிட்டார்! நானும் வருகிறேன்.

உன்
சுஹேல்

ஆம்பூர்
30.7.2023

அன்புள்ள சுஹேல்,

உங்கள் இஷ்தியாக் மாமா தாவத் சொல்ல வந்தார். டீ குடிங்க என்றேன், செருப்பைக் கழற்றவில்லை. உங்கள் வழக்கம் எனக்கும் தெரியும். வேண்டியவர்களை "வீட்டோட வாங்க" என்பார்கள். மற்றவர்களிடம் "ஒருத்தருக்கு" என்பதோடு சரி, ஒரே ஆள்தான் போகலாம். வாசலில் நின்றே, "ஒருத்தருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இது நல்ல செய்தியா? வீட்டு மருமகளை யாராவது விருந்துக்குக் கூப்பிடுவார்களா? விருந்தாளி என்று சொன்னாலே இந்த வீட்டுக்காரி இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்த ஹீனா இன்னும் உங்கள் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. அவள் பேரைச் சொல்லி ஊரே பிரியாணி தின்னப் போகிறது. அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, ஆனாலும் எரிகிறது.

வருகிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மைக் வேண்டாம்.

தீபா

ஆம்பூர்
3.9.2023

சுஹேல்,

நீங்கள் விமானம் ஏறியதும் இதை எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் அம்மீயின் சிநேகிதி ஒருத்தி என்னைக் காட்டி, "யாரு இது?" என்று கேட்டார். என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நின்ற உங்களை அம்மீ பார்த்தார். நானும் உங்களைத்தான் பார்த்தேன். "கம்பெனில கூட வேலை செஞ்சவங்க" என்றீர்கள். நல்ல தெளிவான குரல்.

நீங்கள் ஆண்கள் பக்கம் போய்விட்டீர்கள். நான் பரிசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று மணப்பெண்ணிடம் போனேன். "நீங்க?" என்று கேட்டாள். "ரிஹானோட அண்ணன் பொண்டாட்டி. உனக்கு ஓரகத்தி" என்றேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம். அவள் அம்மீயைப் பார்த்தாள். அம்மீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். ஹீனா அவ்வளவு கனமான உடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, "பாபி, பக்கத்துல உக்காருங்க" என்றாள். பாபி என்றால் அண்ணி என்று எனக்கும் தெரியும். போட்டோக்காரன் எடுத்தான். ஆல்பத்தில் பாருங்கள், பல் தெரியச் சிரிக்கிறேன்.

எவள் மேல் எரிந்தேனோ அவள்தான் என்னை முதலில் ஒத்துக்கொண்டாள்.

வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டேன். என் பெயர் மட்டும் இருக்கிறது. கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். அம்மீயைக் கூட்டிக்கொண்டு வந்து, தெருவுக்குக் கேட்கும்படி அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள். அதுவரை உமர் பாய் கையில் என் கடிதம் எதுவும் வராது.

இப்படிக்கு,
ஹீனாவின் ஓரகத்தி
தீபலட்சுமி