தபால் பெட்டியில் உறைந்த ஈஸ்ட்

ஜனவரி 11, சனி

என் வீட்டுக்காரன் கஸ்ஸுக்கு டாக்டர் பீரைத் தடை செய்து மூன்று வாரம். கால் பெருவிரல் வீக்கம் இன்னும் இறங்கவில்லை, வாய் மட்டும் சுகமாக இருக்கிறது.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி உறைந்த ஏரிமேல் வீட்டிலேயே பீர் காய்ச்சும் எங்கள் சங்கத்தின் கூட்டம். அவரவர் காய்ச்சிய பீரோடு வரவேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கஸ் காய்ச்சினான், நான் பாட்டில் கழுவினேன். இந்த முறை நான் காய்ச்சுகிறேன் என்றேன்.

"நீயா?" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகவே காய்ச்சப் போகிறேன்.

ஜனவரி 18

கஸ்ஸின் நோட்டுப்படி கோதுமை பீர். அதற்கென்று ஒரு திரவ ஈஸ்ட் வரவழைத்திருந்தேன். வந்து மூன்று நாளாகிறதாம்! கஸ் அதைத் தபால் பெட்டியிலேயே விட்டு வைத்திருக்கிறான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து. பை கல்லாகக் கிடந்தது.

"குளிர்ல வைக்கணும்னு மேலயே போட்டிருக்கே!"

"குளிர்லன்னா ஃபிரிட்ஜ்லய்யா! செத்துப் போச்சு, பாரு!"

டுலூத் நகரத்துக் கடைக்குப் போகலாமென்றால் பனியில் சாலையை மூடிவிட்டார்கள். பீருக்கான கோதுமைக் கஞ்சி அடுப்பில் கொதிக்கிறது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூப் பொட்டலத்தைப் பிரித்தால் பழைய சீஸ் வாடை. இன்றைக்கென்று எல்லாம் சேர்ந்து வந்தது.

அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம்தான் வேலைக்கு ஆனது. சமையலறை அலமாரியில் ரொட்டி ஈஸ்ட் இரண்டு பொட்டலம். ஹாப்ஸில் வாடையில்லாததாக ஒரு கைப்பிடி மட்டும் பொறுக்கினேன். மீதிக்கு ஆரஞ்சுத் தோலும் இடித்த கொத்தமல்லி விதையும்.

"பீர் காய்ச்சறியா, பன்னு சுடறியா?" என்று கஸ் வாசலில் நின்று கேட்டான். விதையை இன்னும் ஓங்கி இடித்தேன்.

ஜனவரி 19

பீர் ஜாடியின் மூடி தெறித்து விட்டத்தில் நுரை. ரொட்டி ஈஸ்ட்டுக்கு இவ்வளவு வேகமா! ஏணியில் நின்று துடைத்தேன். கஸ் கீழே நின்று சிரித்தான்.

பிப்ரவரி 2

பாட்டிலில் அடைத்தாயிற்று. கலங்கல்தான். கோதுமை பீர் கலங்கித்தானே இருக்கும்? இருக்கும். இருக்கட்டும்.

பிப்ரவரி 15

பீர் உறைந்துவிடாமல் ஐஸ்பெட்டிக்குள் கம்பளியில் சுற்றிக் கொண்டுபோனோம். ஏரிப் பனியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு கஸ் உட்கார்ந்தான்.

முதல் கிளாஸ் எங்கள் சங்கத்துக் கிளெமுக்கு. நோட்டில் உள்ளதை ஒரு துளி மாற்றாத ஆள். மோந்து பார்த்தான், குடித்தான்.  இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான். கடைசியில் பாட்டில் அடியில் ஒரு விரல் அளவு வண்டலை மிச்சம் வைத்து, இறுக மூடி, கோட்டுப் பையில் போட்டான்.

அந்த வண்டலில் ஈஸ்ட் உயிரோடிருக்கும். அடுத்தவர் வண்டலை வீட்டுக்கு எடுத்துப் போய் வளர்ப்பதைவிட எங்கள் சங்கத்தில் பெரிய பாராட்டு கிடையாது. கஸ்ஸுக்கே இரண்டு முறைதான் கிடைத்தது.

மனசு கேட்கவில்லை. "கிளெம், அது வெறும் ரொட்டி ஈஸ்ட். கடையில பொட்டலமாவே கிடைக்குது."

"தெரியும் வெர்னா, முதல் மடக்குலயே தெரிஞ்சுபோச்சு. கடைப் பொட்டலத்துக்கு ஆரஞ்சும் கொத்தமல்லியும் போடத் தெரியுமா? இது உன்னோடது. நான் வளர்க்கறேன்."

கஸ் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 17

பின்னறைத் தொட்டியில் நாற்பத்தெட்டு காலி பாட்டில். கஸ் கால் வலியோடு அவற்றைக் கழுவ முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"வெர்னா, இந்த பிரஷ்ஷை எங்க வெச்சிருக்க?"

இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆணியில்தான் தொங்குகிறது. தேடட்டும்.