பலூன் மூடிமேல் பிள்ளையார்

17-8-2007
காணிப்பாக்கத்தில் புதுக் காருக்குப் பூஜை. வந்தவர்கள்: ஓட்டியவர் என் வீட்டுக்காரர், பக்கத்தில் அவருடைய அக்கா மணியம்மா (எனக்கு அண்ணி), பின்னால் நான். அப்புறம் டேஷ்போர்டில் அரைக் கிலோ பித்தளைப் பிள்ளையார், அண்ணி வாங்கி ஒட்டியது.

பெல்ட் போட்டால் இவருக்கு மூச்சு முட்டுகிறதாம். போடாவிட்டால் கார் கூவுகிறது. அதனால் முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிவிட்டார். கார் ஏமாந்தது. என்ன மூளை!

நான் போட்டுக்கொண்டேன். "இன்னாடி, நெல்லு மூட்டையாட்டம் கட்டிக்கினு குந்திக்கினு கீற?" என்றார் அண்ணி.

19-8
காரோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தோடு சரி. மோதினால் வண்டி நிற்கும், உள்ளே இருக்கிற ஆள் நிற்கமாட்டான், அதே வேகத்தில் போவான். பெல்ட் அவனை இழுத்துப் பிடிக்கும், ஏர்பேக் என்கிற பலூன் விரிந்து முகத்தைத் தாங்கும். பக்கத்து இருக்கைக்கான பலூன் டேஷ்போர்டில் ஒரு மூடியைப் பிளந்துகொண்டு வரும். அதன்மேல் எதையும் ஒட்டாதே.

அந்த மூடிமேல்தான் பிள்ளையார்!

பலூன் விரிந்தால் பித்தளை யார் முகத்துக்கு? மகள் யமுனாவுக்கு ஏழாம் மாதம். இருபத்தாறாம் தேதி வளைகாப்பு முடித்துத் திருப்பதியிலிருந்து அழைத்துவர வேண்டும். இவர் அவளை முன்னால்தான் உட்காரவைப்பாராம், பின்னால் குலுங்குமாம்.

20-8
"சாமி மேலயே டவுட்டா ஒனக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"சாமி மேல இல்லீங்க. அவரு குந்திக்கினு கீற எடத்து மேல."

"கம்பெனிக்காரனுக்கு இன்னா தெரியும்?"

கார் செய்தவனுக்குத் தெரியாதாம். மாங்காய் மண்டி வைத்திருக்கிற இவருக்குத் தெரியுமாம்.

25-8
குளித்து, விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டு, நைலான் நூலால் பசையை அறுத்துப் பிள்ளையாரை இறக்கினேன். பூஜையறையில் வசதியாகத்தான் இருக்கிறார். அண்ணி பேசினார்: "நாளைக்கி எதுனா ஆனா உன் தலமேலதான்."

27-8
நேற்று சந்திரகிரி தாண்டியதும் முன்னால் போன லாரி சடக்கென்று நின்றது. மோதிட்டோம். யமுனாவுக்குப் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தாழ்த்தி நான்தான் மாட்டியிருந்தேன். தோளில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பலூன் வெறும் பலூனாக வந்தது. குழந்தையின் துடிப்பை டாக்டரம்மா என்னையும் கேட்கவைத்தார். பிள்ளையாரப்பா, போதும்பா.

வீட்டுக்காரருக்கு விலா எலும்பு இரண்டும் தாடையும் உடைந்துவிட்டன. பெல்ட் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

30-8
பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி: "பிள்ளையார எறக்குனா, அதான் இப்டி ஆச்சு." ஆமாம், லாரிக்காரன் அதைக் கேள்விப்பட்டுத்தான் பிரேக் போட்டான்.

இவர் நெஞ்சைச் சுற்றி அகலமாக ஒரு பெல்ட் கட்டியிருக்கிறார்கள். மூச்சு முட்டுதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் பேச்சு இல்லை, எழுதித்தான் காட்டுகிறார்.

20-9
இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுக்கப்போகிறேன்.

என்னங்க, திங்கட்கிழமை யமுனாவுக்கு ஸ்கேன். வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வருவதாக எழுதிக் காட்டினீர்கள். பெல்ட்டை முன்னால் போடுவீர்களா, பின்னாலா? பின்னால் என்றால் வீட்டிலேயே இருங்கள், துணைக்குப் பிள்ளையார் இருக்கிறார். பேனா தலையணைக்குப் பக்கத்தில். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.