படல் விற்பனைக்கு இல்லை

மியூனிக்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கோகிலா,

நலமா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து நீளமாக மெயில் எழுதுகிறேன்.

என் கம்பெனி மேக் கம்ப்யூட்டர்களுக்கான சின்னச் சின்ன மென்பொருள்களை ஒன்றாகக் கட்டி மாதச் சந்தாவுக்கு விற்கிறது என்று உனக்குத் தெரியும். போன வாரம் மீட்டிங்கில் மேனேஜர், "லேப்டாப்பை மூடினால் வெளியே மாட்டியிருக்கிற ஹார்ட் டிஸ்க்கைத் தானாகப் பத்திரமாகக் கழற்றிவிடுகிற வசதி நம்மிடம் இல்லையே" என்றார். அதற்கென்றே ஒன்று இருக்கிறது, பெயர் படல், குமாரபாளையத்தில் ஒருத்தி தனியாளாக எழுதி விற்கிறாள் என்றேன். எங்கள் ஆபீஸிலேயே இரண்டு பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம்! எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? காலேஜ் முடித்த புதிதில், நான் பள்ளிபாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வர, உன் வீட்டு மாடியில், தறிச் சத்தத்துக்கு நடுவே நாம் இரண்டு பேரும் ஆரம்பித்தது. மேற்படிப்புக்குக் கிளம்பும்போது "இனி இது உன்னோடது" என்று விட்டுவிட்டு வந்தேன். நீ இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டாய்.

அவர்கள் படலை வாங்க ஆசைப்படுகிறார்கள். உனக்கு இங்கேயே வேலையும் தருவார்கள். நீ சரி என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். மறுபடி ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போடலாம்டி.

ஆசையோடு,
இலக்கியா

*

குமாரபாளையம்
14 பிப்ரவரி 2025

என் இலக்கியாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஜெர்மனில இருந்து வெலைக்குக் கேக்கறாங்களா சாமி? அப்ப நீ என்னமோ பெருசாத்தான் செஞ்சிருக்கற" என்றார். இத்தனை வருசத்தில் இன்றைக்குத்தான் நம்பியிருக்கிறார். எங்கள் வீதியில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன் என்றுதான் இன்னும் பேச்சு. போன மாதம் ஒருவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். பேப்பர் சிக்கியிருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

விசயத்துக்கு வருகிறேன். படல் விற்பனைக்கு இல்லை.

கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உங்கள் கம்பெனி இதற்குமுன் வாங்கிய மென்பொருள்கள் என்ன ஆயின என்று தேடிப் படித்தேன். ஒருமுறை காசு கொடுத்து வாங்கியவர்களைக் கொஞ்ச நாளிலேயே மாதச் சந்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் என்னிடம் வாங்கினவர்களுக்கு "ஒருமுறை வாங்கினால் போதும்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அசாமில் பறவைகளின் குரலைப் பதிவு செய்கிற ஒருவர், பின்லாந்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஆற்றுக்கு அக்கரையில் பவானியில் கல்யாண வீடியோ எடுக்கிற பூபதி அண்ணன். இவர்கள் எழுதினால் நான்தான் பதில் எழுதுகிறேன். வருசா வருசம் மேக்கில் புதுப் பதிப்பு வரும், வந்தால் படலில் ஏதாவது ஒன்று உடையும், உடைந்ததைச் சரிசெய்வேன். சாயங்காலம் பாலத்தில் காற்றாட நடந்துவிட்டு வருவேன்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இலக்கியா. நன்றாகவும் செய்கிறேன். இதைவிட வேறென்ன வேண்டும்? உன் மேனேஜருக்கு என் நன்றியைச் சொல். சண்டை போட நீதான் இங்கே வரவேண்டும்.

அன்புடன்,
கோகிலா

*

மியூனிக்
2 மார்ச் 2025

கோகிலா,

உனக்காக அத்தனை பேர் முன்னால் பேசினேன். நீ யோசித்துப் பார்க்கக்கூட இல்லை.

நாங்களே எழுதிக்கொள்வதென்று முடிவாகிவிட்டது. என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எனக்கும் இங்கே காலூன்ற வேண்டியிருக்கிறது. வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நம் பழைய புரோகிராமிலிருந்து ஒரு வரியும் எடுக்க மாட்டேன்.

எங்களுடையது வந்துவிட்டால் உன்னுடையதை யார் வாங்குவார்கள்? வாக்குக் கொடுத்தேன் என்கிறாய். நீயே இல்லாமல் போனால் அந்த வாக்கை யார் காப்பாற்றுவது? இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. யோசி.

இலக்கியா

*

குமாரபாளையம்
6 மார்ச் 2025

அன்பு இலக்கியா,

படித்ததும் பயந்துதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். பாலத்தில் பவானிவரை நடந்து போனேன். திரும்பி வரும்போது மனசு தெளிந்துவிட்டது.

எழுது. நீ எழுதினால் நன்றாகத்தான் வரும். ஆனால் ஒரு விசயம் உனக்குத் தெரிந்திருக்காது. அது நீ போன பிறகு நடந்தது.

ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்து மேக்கில் மாட்டுகிற மலிவான பெட்டிகளில் சில பொய் சொல்லும். "எல்லாம் எழுதியாச்சு, கழற்றிக்கலாம்" என்று மேக்கிடம் சொல்லிவிடும். உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கரண்டை நிறுத்தினால் உள்ளே இருப்பது செத்துப்போகும். பூபதி அண்ணனிடம் ஒரு கல்யாணத்தின் முகூர்த்த நேரமே அப்படிப் போகப் பார்த்தது. அதிலிருந்து படல் அந்தப் பேச்சை நம்புவதில்லை. கொஞ்சம் பொறுத்து, மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கழற்றும். எந்தப் பெட்டிகளிடம் எவ்வளவு பொறுக்கவேண்டும், எப்படிச் சோதிக்கவேண்டும் என்பதைத் தனிக் கோப்பில் விவரமாக எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. உனக்கு ஒரு வாரம் போதும்.

இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று கேட்பாய். உங்களுடையதை ஊர் உலகமே வாங்கும். அதில் யாரோ ஒருத்தியின் குழந்தை முதன்முதலாக எட்டு வைத்த வீடியோ இருக்கும். அது அழிந்துபோனால், அழித்தது என் மென்பொருள் இல்லை என்று நான் சந்தோசப்பட முடியுமா? ஜெயிப்பதென்றால் நல்லதாக எழுதி ஜெயித்துக்கொள்கிறேன். அது எனக்கு வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே இன்னும் குளிர் விடவில்லையாமே.

கோகிலா

*

மியூனிக்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள கோகிலா,

இத்தனை மாதம் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. நன்றி சொல்லக் கூச்சம். சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

எங்களுடையது போன வாரம் வெளியாகிவிட்டது. அதற்கு முன்னால் நடந்ததைக் கேள். மேனேஜர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மூடியதும் ஏன் இப்படி நிற்கிறது? பார்க்கிறவனுக்கு எரிச்சல் வரும். அந்தப் பொறுக்கிற பகுதியை எடுத்துவிடு" என்றார். வாயால் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அங்கேயே அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு, என் சொந்த டிஸ்க்கை மாட்டினேன். நீ சொன்ன பொய்க்காரப் பெட்டிகளில் ஒன்றுதான் அதுவும். இங்கே வந்த முதல் வருசத்துப் படங்கள் அதில்தான் இருந்தன; மேலே ஒரு பெரிய கோப்பை ஏற்றி, பாதியில் லேப்டாப்பை மூடினேன். திறந்தால் டிஸ்க்கே திறக்கவில்லை.

"வேறு பிரதி இருக்கிறதா?" என்றார் மேனேஜர்.

"சில படங்களுக்கு இல்லை."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களால் வாங்க முடியாமல் போனதே ஒன்று, அதை எழுதியவள் சொன்னாள்" என்றேன்.

பொறுக்கிற பகுதி அப்படியே இருக்கிறது. இந்த மென்பொருளில் என் பெயர் இருக்கிறவரை அதை யாரும் எடுக்க விடமாட்டேன்.

உன் விற்பனைக்கு அடி பலமா? மறைக்காமல் சொல்.

உன்,
இலக்கியா

*

குமாரபாளையம்
12 அக்டோபர் 2025

என் இலக்கியாவுக்கு,

போன படங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்த வருசம் நீ எனக்கு அனுப்பியவை எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பனியில் வழுக்கி விழுந்து உட்கார்ந்திருப்பாயே, அதுவும் இருக்கிறது. தனியாக அனுப்புகிறேன்.

அடிதான். முதல் இரண்டு வாரம் படலைத் தேடி யாருமே வரவில்லை. மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். "எனக்கு இந்த ஒரு வேலை மட்டும் போதும், சந்தா வேண்டாம்" என்கிறார்கள். முன்னைப்போல இல்லை, ஆனால் எனக்குப் போதும். அடுத்த மென்பொருளையும் ஆரம்பித்துவிட்டேன். என்னவென்று சொல்லமாட்டேன், நீ போய் மீட்டிங்கில் சொல்லிவிடுவாய்.

உங்களுடையதை வாங்கி, என்னிடம் இருக்கிற எல்லாப் பொய்க்காரப் பெட்டிகளிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு கோப்புகூடச் சாகவில்லை. சில இடங்களில் என்னுடையதைவிட அழகாகச் செய்திருக்கிறாய். எனக்குப் பொறாமைதான்.

நேற்று பூபதி அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா கோகிலா, புதுசா ஒரு ஜெர்மன்காரன்து வந்திருக்குதே, பாத்தியா? அதும் உன்றதாட்டவே மூடுனதும் செத்த நேரம் நின்னுட்டுத்தான் உடுது. காப்பி அடிச்சுட்டானுங்களாட்ட இருக்குது. கேஸு போடோணும்னா சொல்லு, நமக்குத் தெரிஞ்ச வக்கீல் ஈரோட்டுல இருக்கறாரு."

"காப்பியெல்லாம் இல்லீங்ணா. அதை எழுதுனது என்ற சிநேகிதிதானுங்க."

"ஜெர்மன்காரியா?"

"பள்ளிபாளையத்துக்காரிங்ணா" என்றேன்.

"அப்பச் செரி" என்று போனை வைத்துவிட்டார்.

உன்,
கோகிலா