கோடு போட்ட கடிகாரம்

ஹாலே,
நவம்பர் 2019

அன்புள்ள ஹென்னிங் அண்ணாவுக்கு,

தங்கை கெசினெ எழுதுவது. நாங்கள் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம். ஆனால் அப்பா நலமாக இல்லை. இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, கிறிஸ்துமஸைத் தாண்டுவதே சந்தேகம் என்று டாக்டர் சொல்கிறார். தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு அங்கே கனடாவில் ஏதாவது அவசர வேலை வந்துவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு, நாட்டைக் கிழக்கு மேற்காகப் பிரித்த சுவர் இருந்த காலத்தைப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முள்வேலி, உளவுப் போலீஸ் என்றால் பிள்ளைகள் சினிமாக் கதைபோல வாய் பிளந்து கேட்கிறார்கள். அன்றைய அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி. "வாழைப்பழம் கிடைக்காதாமே, அவ்வளவுதானே டீச்சர்?" என்று கேட்டான் யான்னிக். சரியான வாயாடி.

திங்கட்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். உள்ளே நுழைந்ததும், நேற்று சாப்பாட்டு மேஜையில் உங்கள் வீட்டில் யாரைத் திட்டினார்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். வகுப்பே கலகலத்துவிட்டது. முதலில் யான்னிக்தான். "எங்கப்பா மேயரைக் கிழிகிழின்னு கிழிச்சார் டீச்சர். இந்த ஆளுக்கு எதுக்கு வரி கட்டணும்னு வேற கேட்டார்" என்றான். இது அந்தக் காலமாக இருந்தால் உன் அப்பாவுக்கு நாளை வேலை இருக்காது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் காது சிவந்துபோனது. பாவம், எனக்கே சங்கடமாக இருந்தது.

பிறகுதான் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். செய்திக்கு முன்னால் டிவியில் வரும் கடிகாரத்தை வரையச் சொல்லி பாலர் பள்ளியில் கேட்பார்கள். நம் கிழக்குப் பக்கத்து டிவியின் கடிகாரத்தில் மணி எண்களுக்குப் பதில் புள்ளி, மேற்கத்திய டிவியில் கோடு. ஐந்து வயதுப் பையன் ஒருவன் அழகாகக் கோடு போட்டான், மிட்டாயும் வாங்கினான். அவன் அப்பா பூகோள ஆசிரியர். ஆசிரியர் வீட்டில் மேற்கத்திய டிவி பார்க்கவே கூடாது. அவரை நிலக்கரி ஆலைக்கு மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்கள். பையன் யாரென்று நான் சொல்லவில்லை.

"அந்தப் பையன் இப்ப எங்க டீச்சர்?" என்று மெரெட் என்ற பெண் கேட்டாள். தூர தேசத்தில் இருக்கிறான், அப்பாவைப் பார்க்க வருவதில்லை என்றேன். யான்னிக் எழுந்து, "உம்மேல தப்பில்லைன்னு யாராச்சும் அவர்கிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டான். நம் வீட்டில் யார் சொன்னோம்?

அன்று சாயங்காலம் கடிகார விஷயத்தை அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "அதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். வேலை போனதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் நீங்கள் வாயே திறக்கவில்லையே, அண்ணன் அதைத் தண்டனை என்றல்லவா இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். "தண்டனையா? நான் பேசினா புள்ள வெளிய சொல்லும். திரும்பவும் பள்ளிக்கூடத்துல அவனை உக்கார வச்சுக் கேப்பாங்க. அவனுக்கு எதுவும் தெரியலைன்னா அவனை யாரும் கேக்க முடியாதில்ல, அதான் வாயைக் கட்டிக்கிட்டேன். சுவர் விழுந்தப்புறம் பேசலாம்னு பாத்தா, பேசவே வரலைம்மா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை, அண்ணா.

தொலைபேசியில் சொல்லுங்கள் என்று உன் எண்ணை அழுத்தப் போனேன். "வேணாம். அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்" என்கிறார். அதே பழைய பிடிவாதம். இப்போதெல்லாம் தினமும் தனக்கு முகச்சவரம் செய்துவிடச் சொல்கிறார். எதற்கென்று நான் கேட்பதில்லை.

அவர் சொல்ல வேண்டியதை முந்திக்கொண்டு நான் எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் நீ வரமாட்டாய் என்ற பயம்தான். ஒன்று மட்டும் செய். வந்து, எதுவுமே தெரியாதவன்போல அவர் பக்கத்தில் உட்கார். அவர் வாயால் சொல்லட்டும். திக்கினாலும், பாதியில் நிறுத்தினாலும், நீ எடுத்துக் கொடுக்காதே.

உன் பயணம் நல்லபடியாக அமையட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
கெசினெ