அம்மாவின் விலைப்பலகையை நான் மாற்றியது குறித்து

அனுப்புநர்:
பணமாற்றுக் கடைக்காரம்மாவின் மகள்,
பதினொன்றாம் வகுப்பு,
கடைத்தெரு முனை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பணமாற்று உரிமப் பிரிவு,
மத்திய வங்கி.

பொருள்: என் அம்மாவின் கடை உரிமத்தைத் திருப்பித் தரக் கோருதல், அவர் எழுதிக் கொடுத்த ஒப்புதல் பொய் எனத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் டாலர் மாற்றும் கடைகள் வரிசையாக உள்ளன. ஆனால் தினமும் காலையில் வங்கிகளுக்குப் போன் போட்டு விலை கேட்பவர் என் அம்மா மட்டுமே. மற்றவர்கள் எங்கள் பலகையைப் பார்த்துத் தங்கள் பலகையை மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வகுப்பில் இதற்குக் காப்பி அடிப்பது என்று பெயர்.

2. டாலர் விலையை இறக்கத் தங்கள் வங்கி போன மாதம் ஒரு வாரம் முழுக்க டாலர் விற்றது. விலை அசையவில்லை. அம்மா சாப்பிடப் போன நேரத்தில் நான் ரிமோட்டை எடுத்து எங்கள் மின்பலகையில் விலையை இறக்கினேன். தாங்கள் தலையிட்டீர்கள், நான் கையிட்டேன். எதிர்க்கடை அண்ணன், "பெரிய பேங்க்காரங்க களத்துல இறங்கிட்டாங்கடா! அக்காவுக்குத் தெரியாம இருக்குமா? குறைடா, குறைடா!" என்று கத்த, தெருவே விலையைக் குறைத்தது. நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து சிரித்தேன்.

3. விலை இன்னும் விழுமோ என்று பயந்த தையல்கார மாமா, கப்பலில் வேலை செய்யும் மகன் அவருடைய கண் ஆபரேஷனுக்கு அனுப்பிய டாலரை எதிர்க்கடையில் விற்றுவிட்டார். அம்மா வந்து பலகையைத் திருத்தியதும் விலை பழைய இடத்துக்கே ஏறியது. பணம் போதாமல் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. "அதனால என்னம்மா, இன்னொரு கண்ணு இருக்கே" என்று மாமா எனக்கே ஆறுதல் சொன்னார்.

4. மறுநாள் தங்கள் வங்கி பெரிய அளவில் டாலர் விற்கப்போவதாக உண்மையாகவே அறிவித்தது. "இன்னிக்கும் ஏமாற நாங்க என்ன இளிச்சவாயங்களா?" என்று தெரு சிரித்தது, ஒருவரும் விலையைக் குறைக்கவில்லை. தங்கள் வார்த்தையை நம்பினால்தான் விலை இறங்கும் என்றால், எங்கள் தெருவில் அந்த நம்பிக்கையைக் கெடுத்தவளும் நான்தான்.

5. தங்கள் அலுவலர்கள் விசாரிக்க வந்தபோது, "நான்தான் சார் தப்பா அமுக்கிட்டேன்" என்று சொல்லி அம்மா எழுதியும் கொடுத்தார். அவர்கள் உரிமத்தைப் பறித்துக் கடையைப் பூட்டினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயாடி என்று பள்ளி முழுக்கப் பெயர் வாங்கியவள், அன்று வாயைத் திறக்கவில்லை. அம்மா இன்றுவரை என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஆகவே அம்மாவின் ஒப்புதலைத் தள்ளிவிட்டு, இம்மனுவை என் வாக்குமூலமாக ஏற்று, உரிமத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன். கடை திறந்தால்தான் மாமாவின் நஷ்டத்தை எங்களால் ஈடுகட்ட முடியும். மறு விசாரணைக்கு என்னை மட்டும் அழையுங்கள். அம்மாவை அழைத்தால் மறுபடியும் தான்தான் அமுக்கியதாகச் சொல்வார்.

இடம்: பூட்டிய கடையின் வாசல்
நாள்: திங்கட்கிழமை

தங்கள் முன் தலைகுனிந்து,
(கையொப்பம்)
கடைக்காரம்மாவின் மகள்